பழைய ஃப்ரிட்ஜுக்குள் அறுபது முட்டை

சூப்பர்வைசரின் மூக்கு உடைந்த அன்று நான் ஏழு மாதக் கர்ப்பிணி.

குஞ்சு பொரிக்கும் கம்பெனியில் எங்களுக்கு இருட்டறை வேலை. மேசைக்கு ஒரு விளக்குப் பெட்டி. அதன் மேல் முட்டையின் அடி உட்காரும் அளவுக்கு ஒரு துளை. முட்டையை அதில் வைத்தால் உள்ளே உயிர் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பிடித்தது ஒரு பக்கம், பிடிக்காதது ஒரு பக்கம். எட்டு மணி நேரமும் இதேதான். அன்று எனக்குத் தலை சுற்றியது. முப்பது முட்டை அடங்கிய தட்டு கையிலிருந்து நழுவித் தரையில் சிதறியது. சூப்பர்வைசர் வந்தார், தரையைப் பார்த்தார், என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

பக்கத்து மேசையிலிருந்து அக்கா எழுந்தாள். அவசரமே இல்லை. காலித் தட்டு ஒன்றை எடுத்து, விளிம்பு முன்னால் வருகிற மாதிரி திருப்பிப் பிடித்து, அவர் மூக்கின் மேல் வீசினாள். கரும்பை முறித்தது போல ஒரு சத்தம். விளக்கு வெளிச்சத்தில் இரத்தம் கறுப்பாகத் தெரிந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் தலையில் இன்னொரு அடி விழுந்தது. அந்த இரண்டாவது அடிக்கு அவசியமே இல்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

அவளுக்கு அன்றோடு வேலை போயிற்று. போகும்முன் தன் தட்டில் மிச்சமிருந்த பன்னிரண்டு முட்டைகளையும் பார்த்து முடித்தாள். "பாதியில விட்டுட்டுப் போனா பின்னால வர்றவளுக்குக் குழப்பம்" என்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, என்னையும் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வயிற்றில் இருந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் எல்லோரும் அவளை அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் சுத்தியல். வாய் பேசுவதற்கு முன் கை பேசிவிடும். அவளுடைய அப்பா பெல்ட்டால் அடித்து வளர்த்தவர். கட்டினவன் மூன்று வருஷம் கையால் அடித்தான். நான்காம் வருஷம் அவள் திருப்பி அடித்ததில் அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அடுத்த வாரம் அவனும் போய்விட்டான். கைக்குழந்தையோடு கம்பெனியில் சேர்ந்தாள். முதல் மூன்று வருஷம் அவளுக்குக் குஞ்சு பிரிக்கிற வேலை. பொரிந்து வந்த குஞ்சுகளில் பெட்டையை ஒரு கூடையில் போட வேண்டும். சேவலை நீலத் தொட்டியில் தள்ள வேண்டும். தொட்டியின் அடியில் அரைக்கும் மெஷின். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் போகும்.

"முதல் நாள் சாப்பாடு எறங்கல. மூணாம் நாள் எறங்கிடுச்சு. மனுஷனுக்கு எல்லாம் பழகிடும்டி" என்று ஒருமுறை சொன்னாள்.

மகளையும் அடித்துத்தான் வளர்த்தாள். அந்தப் பெண்ணின் வலது புருவம் நடுவில் விட்டுப்போய் இருக்கும். எட்டு வயதில் பால் பொங்கி வழிய விட்டதற்காக வீசிய கரண்டி பட்ட தழும்பு அது. யாராவது கேட்டால் அக்கா மறைக்க மாட்டாள். "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? நான் மிதிச்சதாலதான் அவ நாலு எழுத்து படிச்சா" என்பாள்.

மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகன் டயர் கடை வைத்திருந்தான். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். யாருக்கு வண்டி பஞ்சர் ஆனாலும் ஓடி வருவான். நிமிர்ந்து பேச மாட்டான். மாமியாரை வாய் நிறைய அத்தை என்று கூப்பிடுவான்.

வேலை போன பிறகு வீட்டிலேயே முட்டை பொரிக்கலாம் என்று அக்கா நினைத்தபோது, அதற்கு வழி செய்து கொடுத்ததும் அவன்தான். ரிப்பேர் கடைக்காரன் தூக்கிப் போட்ட ஒரு பழைய ஃப்ரிட்ஜைத் தோளில் சுமந்து வந்தான். உள்ளே இரண்டு பல்பு, காற்றைச் சுற்றவிட ஒரு சின்ன ஃபேன், சூடு அளவைத் தாண்டினால் பல்பை அணைக்கிற தெர்மோஸ்டாட், அடியில் ஈரத்துக்கு ஒரு தண்ணீர்த் தட்டு. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் வெட்டி வைத்தான். ஜில்லென்று இருக்கப் பிறந்த பெட்டி கோழியின் வயிறு மாதிரி கதகதவென்று ஆயிற்று.

முதல் அடைக்கு வைத்த முட்டைகள் நாசமாய்ப் போயின. பத்தாம் நாள் தெர்மோஸ்டாட்டைச் சரிபார்க்கிறேன் என்று கழற்றியவன் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டான். சூடு ஏற ஏற பல்பு அணையாமல் எரிந்தது. அக்கா கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது உள்ளே நாற்பது முட்டையும் வெந்திருந்தன. ஒன்றை உடைத்துப் பார்த்தாள். பத்து நாள் குஞ்சு, கண் மட்டும் பெரிதாக, மூடாமல் கிடந்தது. வயரைப் பிரித்துச் சரியாக மாட்டியது மகள்தான்.

இரண்டாம் அடையில் ஒரு கூமுட்டை உள்ளேயே வெடித்தது. கதவைத் திறந்தவள் முகத்தில் நாற்றம் பிடித்த மஞ்சள் தெறித்து, மூன்று நாள் தலைக்குக் குளித்தும் போகவில்லை. "அம்மா, கூமுட்டைக்கே உன்கிட்ட பயமில்ல பாரு" என்று மகள் சிரித்தாளாம். அக்காவும் சிரித்தாள். அதை என்னிடம் சொல்லும்போது, மகள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று என்றும் சொன்னாள். ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் அடையிலிருந்து கை வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவர்கள் முட்டை கொண்டு வந்து கொடுத்தார்கள். பொரிந்த குஞ்சில் மூன்றுக்கு ஒன்று அக்காவுக்கு. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு, காலை, மதியம், சாயங்காலம் திருப்பி வைப்பாள். ஜன்னல் இல்லாத சாமான் அறையில் கம்பளியை வாசலில் தொங்கவிட்டு, அட்டைச் சுருள் மாட்டிய டார்ச்சால் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். சேவல் குஞ்சென்று எதையும் அவள் பிரிக்கவில்லை. எதுவாக இருந்தாலும் அப்படியே கூடையில் போட்டுக் கொடுத்துவிடுவாள்.

ஆறாவது அடைக்கு அறுபது முட்டை வைத்தாள். ஏழாம் நாள் காலை மகள் வந்து நின்றாள்.

தாடை உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார்கள். முகம் ஒரு பக்கம் வீங்கிப் பச்சையும் ஊதாவுமாக இருந்தது. கழுத்தில் நாலு விரல் தடம். கையில் ஒரு துணிப் பை.

"படியில விழுந்தேன்" என்றாள், பல்லுக்கு இடையில்.

"எந்தப் படிக்குடி விரல் இருக்கு?" என்றாள் அக்கா.

உடனே கதவோரம் கிடந்த இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். மகள் வாசலில் குறுக்கே நின்றாள். "போகாத. போனா நான் இங்க இருக்க மாட்டேன்" என்றாள். அக்கா தடியைப் போட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், "இன்னைக்கு ஏழாம் நாள். முட்டை பாக்கணும். வா" என்றாள்.

அம்மாவும் மகளும் சாமான் அறைக்குள் போய்க் கம்பளியை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அக்கா டார்ச் அடித்தாள், மகள் எழுதிக்கொண்டாள். உயிர் பிடித்த முட்டையில் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அதிலிருந்து நாலா பக்கமும் சிவப்பு நரம்பு சிலந்திக்கால் மாதிரி ஓடும். உற்றுப் பார்த்தால் புள்ளி துடிக்கும். வெறும் முட்டை எலுமிச்சம்பழம் போல ஒரே மஞ்சளாக இருக்கும். நடுவில் செத்துப்போனதில் நரம்பெல்லாம் அழிந்து ஒரு இரத்த வளையம் மட்டும் நிற்கும். ஒன்பது வெறும் முட்டை, இரண்டு வளையம். மிச்சம் நாற்பத்தொன்பது.

அந்த இருட்டில் முகம் தெரியாததால்தானோ என்னவோ, மகள் பேசினாள். கல்யாணமான நாலாம் மாதத்தில் ஆரம்பித்தது. வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிப்பான். இந்த முறை அவன் நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில், தெர்மோஸ்டாட்டை அவர் தலைகீழா மாட்டி நாற்பது முட்டையும் அவிஞ்சுபோச்சு என்று இவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்து, முஷ்டியால் தாடையில் குத்தினான்.

"என்கிட்ட ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?" என்று அக்கா கத்தினாள்.

மகள் எழுதிய தாளை மடித்து வைத்தாள். பிறகு, "அவரு அடிக்கறப்ப உன் ஞாபகம்தான்மா வரும். கையை ஓங்கறதுக்கு முன்னாடி நீ மூக்கால மூச்சு விடுவ இல்ல, அவரும் அப்படியே விடுவாரு. அதைப் போய் உன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள்.

"நானும் அவனும் ஒண்ணாடி? நான் பெத்தவ. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?"

"சாகாது. நொண்டும்."

அக்கா டார்ச்சை அணைத்தாள். கை ஓங்கிக்கொண்டு வந்தது என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். கம்பி கட்டிய அந்த வாயிலேயே ஒன்று வைக்க வேண்டும் போல் இருந்ததாம். மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் இருட்டில் தனக்கே கேட்டதாம். எழுந்து வெளியே வந்து, வெயிலில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அன்று அக்கா ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. மூன்று வேளையும் முட்டைகளைத் திருப்பி வைத்தது மகள்.

பன்னிரண்டாம் நாள் மருமகன் வந்தான். புதுச் சட்டை, ஒரு பை நிறையப் பழம். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முதலில் ஃப்ரிட்ஜைத்தான் பார்த்தான்.

"அத்தை, இந்த வயர் சூடாகுது பாருங்க. மாத்தணும். நாளைக்கு வந்து மாத்தித் தர்றேன்."

"வேணாம் மாப்பிள்ளை. நாங்களே பாத்துக்கறோம்."

"கோபத்துல ஒரு தடவை கை நீண்டுடுச்சு. தப்புதான். எந்த வீட்டுலதான் இல்ல? உங்களுக்குத் தெரியாததா அத்தை?"

அந்தக் கடைசி வார்த்தைதான் இன்றும் காதில் நிற்கிறது என்றாள் அக்கா. அவன் மகளைப் பார்த்து, "கிளம்பு, போகலாம்" என்றான் சிரித்துக்கொண்டே. அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சிரிப்பு மாறவில்லை. ஆனால் அவள் விரல்கள் வெளுத்துப்போய் மடங்கின.

"கையை விடுங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா.

"புருஷன் பொண்டாட்டி விஷயம் அத்தை."

"விடுடா."

'டா' என்றதும் அவன் முகத்தில் இருந்த தங்கமெல்லாம் உதிர்ந்துவிட்டது. கையை விட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு, "இந்த வீட்டுல ஒரு குஞ்சு பொரியாது. பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். மகள் போலீசில் எழுதிக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூப்பிட்டு எச்சரிக்கிறோம் என்றார்கள். எச்சரித்தார்களோ, அதுவே அவனுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆனதோ தெரியாது.

பதினெட்டாம் நாள் மதியம் கரண்ட் போயிற்று. அன்றோடு முட்டை திருப்புவது நிற்கும்; கடைசியாக ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மூன்று நாள் கதவைத் திறக்காமல் விட்டுவிட வேண்டும். கரண்ட் இல்லாதபோது வெந்நீர்ப் பாட்டில்களை உள்ளே அடுக்கிச் சூட்டைக் காப்பாற்றுவது அக்காவின் வழக்கம். அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் ஒரு தட்டு முட்டையோடு சாமான் அறைக்குள் இருந்தாள். மற்ற இரண்டு தட்டும் ஃப்ரிட்ஜில்.

கதவு மூன்றாவது உதையில் தாழ்ப்பாளோடு பெயர்ந்து விழுந்தது. அவன் கையில் டயர் கடையின் வீல் ஸ்பேனர், ஒரு கை நீளம். முதல் வீச்சு ஃப்ரிட்ஜின் கண்ணாடியில். இரண்டாவது வீச்சு உள் தட்டில். பிறகு ஃப்ரிட்ஜையே பிடித்து இழுத்துக் குப்புறத் தள்ளினான். ஓடு நொறுங்குகிற சத்தம் மழைத்துளி தகரத்தில் விழுகிற மாதிரி கேட்டதாம். பதினெட்டு நாள் முட்டையில் மஞ்சள் கருவாக ஒன்றும் வழியாது. முழுக் குஞ்சு இருக்கும், ஈர இறகோடு, அலகோடு. தரையில் விழுந்தவற்றில் சில கால்களை உதைத்தன. அவன் அவற்றின் மேல் ஏறி நடந்தான்.

அக்கா குறுக்கே பாய்ந்தாள். ஸ்பேனர் அவள் தோளில் இறங்கியது. காரை எலும்பு உடைந்து இடது கை தொங்கிவிட்டது. சத்தம் கேட்டு மகள் கம்பளியை விலக்கி எட்டிப் பார்த்தாள். அவன் அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்துத் தரையோடு இழுத்தான். கம்பி கட்டிய வாயால் அவளுக்குக் கத்தவும் முடியவில்லை, மூக்கால் முனகினாள். அவன் ஸ்பேனரை ஓங்கினான்.

அக்கா சமையலறையிலிருந்து ஒற்றைக் கையால் அந்தப் பாத்திரத்தை எப்படித் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. பிடித் துணியும் இல்லை. உள்ளங்கைத் தோல் பிடியிலேயே ஒட்டிக்கொண்டது. அவன் நிமிர்ந்து பார்த்த நேரத்தில் முழுத் தண்ணீரும் அவன் முகத்தில் விழுந்தது.

அந்த அலறல் இரண்டு தெரு தள்ளி இருந்த எனக்குக் கேட்டது. ஏதோ வண்டி நாயின் மேல் ஏறிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த அலறல் நிற்கவே இல்லை. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் முதலில் ஓடினார், பின்னால் நான்.

நான் வாசலுக்குப் போனபோது அவன் தரையில், உடைந்த ஓட்டிலும் இரத்தத்திலும், முகத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருந்தான். ஸ்பேனர் எங்கோ மூலையில் கிடந்தது. அக்கா காலிப் பாத்திரத்தால் அவனை அடித்துக்கொண்டிருந்தாள். தலையில், முதுகில், முகத்தைப் பிடித்திருந்த கைகளில். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூக்கால் ஒரு மூச்சு. இஸ்திரிக்காரர் "போதும்மா, செத்துடுவான்" என்று கத்தினார். பக்கத்தில் போக அவருக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. மகள்தான் தவழ்ந்து போய் அவன் மேல் குறுக்கே கவிழ்ந்தாள். அடுத்த அடி அவள் முதுகில் விழுந்தது. அப்போதுதான் அக்காவின் கை நின்றது.

"நீ ஏன்டி அவன் மேல விழுற?" என்றாள்.

"போதும்மா" என்றாள் மகள். "உனக்குப் போதுமே தெரியாதும்மா."

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் இரண்டு வந்தன. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு அந்த வீட்டில் நானும் கோழியிறைச்சி நாற்றமும்தான். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், அதைச் செய்தேன். சாமான் அறையில் இருந்த தட்டில் பதினாறு முட்டைகள் முழுசாக இருந்தன. ஃப்ரிட்ஜுக்கு அடியில் துழாவியதில் விரிசல் இல்லாமல் இன்னும் ஐந்து கிடைத்தன. கையில் வாங்கினால் லேசான சூடு. பதினெட்டு நாள் ஆனது தனக்குத்தானே கொஞ்சம் சூடு வைத்திருக்கும். துணியில் சுற்றி, ஐஸ் பெட்டி ஒன்றில் வெந்நீர்ப் பாட்டில்களோடு அடுக்கி, என் வீட்டுக்குக் கொண்டு போனேன். மறுநாள் காலை மகள் அங்கேதான் வந்தாள். இரண்டு நாள் மாறி மாறித் தண்ணீர் சுட வைத்தோம்.

இருபத்தோராம் நாள் ஓடு குத்தத் தொடங்கியது. மொத்தம் பதினான்கு வந்தன. ஒன்று ஓட்டை உடைக்க முடியாமல் பாதியில் நின்றது. நான் கை வைக்கப் போனேன். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கொட்டிச் செத்துவிடும் என்று மகள் தடுத்தாள். மாலைக்குள் அதுவாகவே வெளியே வந்தது. ஆனால் தொப்புளில் ஒரு சொட்டு இரத்தம். மற்றக் குஞ்சுகள் அதைப் பார்த்துவிட்டன. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பஞ்சு உருண்டைகள், சுற்றி நின்று அந்த இடத்தையே கொத்தின. மகள் அதைத் தனியாக ஒரு அட்டைப் பெட்டிக்கு மாற்றினாள். பிழைத்தது.

மருமகனுக்கு இடது கண் போயிற்று. அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மகள் ஒருமுறை போய்ப் பார்த்தாள். என்ன பேசினாள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல. கட்டு போட்ட முகத்தைப் பாத்துட்டு வந்துட்டேன். இனிமே கனவுல முழு முகம் வராதுன்னு நெனச்சேன். வருது" என்றாள்.

வழக்கு ஒரு வருஷம் ஓடியது. அவனுக்கு மூன்று வருஷம் தண்டனை. அக்காவின் பேரிலும் வழக்கு இருந்தது. வெந்நீர் ஊற்றியதைத் தற்காப்பு என்று வக்கீல் சொன்னார், நீதிபதியும் ஒப்புக்கொண்டார். விழுந்த பிறகு அடித்ததைப் பற்றித்தான் கேள்வி. இஸ்திரிக்காரர் சரியாகப் பார்க்கவில்லை என்றார். நானும் அப்படியே சொன்னேன், பொய்தான், சொன்னேன். கடைசியில் மகளைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள்.

"அவர் கீழ விழுந்த பிறகு அம்மா அடிச்சாங்க. எட்டு, ஒன்பது தடவை இருக்கும். நான் குறுக்க விழலன்னா நிறுத்தியிருக்க மாட்டாங்க" என்றாள்.

அக்காவுக்குப் பதினோரு மாதம் கிடைத்தது. கோர்ட் வாசலில் எனக்குத்தான் பொறுக்கவில்லை. "உன்னைக் காப்பாத்தப் போயி உள்ள போறாங்க உங்கம்மா. ரெண்டு வார்த்தை மாத்திச் சொன்னா என்ன கொறைஞ்சிடும்?" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "சின்ன வயசுலேர்ந்து எங்க வீட்டுல நடந்ததை மாத்தி மாத்திச் சொல்லியே பழகிட்டேன் சித்தி. படியில விழுந்தேன், கதவுல இடிச்சுக்கிட்டேன்னு. இனிமே யாருக்காகவும் முடியாது" என்றாள்.

அக்கா உள்ளே போன முதல் மாதம் மகளைப் பார்க்க மறுத்துவிட்டாள். இரண்டாம் மாதமும் மறுத்தாள். மூன்றாம் மாதம் நான் பார்க்கப் போனபோது, "அந்தக் கூமுட்டை எப்படி இருக்கா?" என்று கேட்டாள். நான் யாரென்று கேட்கவில்லை. அடுத்த முறை இருவரும் சேர்ந்தே போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அக்கா வெகுநேரம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். உள்ளங்கையில் வெந்த தோல் சுருங்கி, விரல்கள் முழுசாக விரியவில்லை.

"நீ சொன்னதுல ஒண்ணு தப்பு" என்றாள் கடைசியில்.

"எது?"

"எட்டு, ஒன்பது இல்ல. பதினொண்ணு. நான் எண்ணிக்கிட்டேதான் அடிச்சேன்."

மகள் அழுதாள். அக்கா அழவில்லை. ஆனால் காவலர் வந்து நேரம் முடிந்தது என்றபோது எழுந்திருக்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து இப்போது நான்கு வருஷம். அந்தப் பழைய வீட்டுக்கு இருவருமே திரும்பவில்லை. மருமகன் தண்டனை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டான் என்று கேள்வி. விவாகரத்துப் பத்திரத்தில் தபாலிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினான். மகள் எங்கள் தெருவில் மாடியில் இரண்டு அறை எடுத்து, கடையில் வாங்கிய நல்ல இன்குபேட்டர் இரண்டு வைத்திருக்கிறாள். ஒரு அடைக்கு இருநூறு முட்டை. தாடை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்ததால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் இழுக்கும்.

முதல் ஒரு வருஷம் அக்காவைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவள் சம்மதிக்கவில்லை. அக்கா என் வீட்டில் இருந்தாள். பிறகு குளிர் நாட்களில் உடைந்த எலும்பு வலித்து அக்காவால் கையைத் தூக்க முடியாமல் போனபோது, மகளே வந்து கூப்பிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கோபம் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, தெருமுனை வரைக்கும் போய்விட்டு வர வேண்டும். தணியவில்லை என்றால் மறுபடியும் போக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் அவ்வளவுதான்.

"இதென்னடி, நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போற மாதிரி என்னை நானே கூட்டிட்டுப் போகணுமா?" என்றாள் அக்கா. ஆனாலும் போனாள்.

மகளோடு இருக்கப் போன முதல் வருஷம் அவள் தெருவில் நடந்துகொண்டே இருந்தாள். காலையில் ஆறு தடவை, மதியம் ஐந்து தடவை. சில நாள் பாதி வழியில் திரும்பி மாடியை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி நடப்பாள். சர்க்கரை வியாதியா என்று, துணி வாங்க எங்கள் தெருவுக்கு வந்த அந்த இஸ்திரிக்காரர் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். அதற்கு வந்த கோபத்தைத் தீர்க்க இன்னொரு நடை போக வேண்டியதாயிற்று.

போன வாரம் நான் வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வேகமாகக் கடந்து போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். மூன்றாம் தடவை வரும்போது, "என்னக்கா, இன்னைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"முட்டையை அடுக்கச் சொன்னா, கூர்முனையை மேல வெச்சு அடுக்கியிருக்கா. முப்பதும் தலைகீழ். சொன்னா, நான் பாத்துக்கறேன்கறா."

"எத்தனாவது நடை?"

"மூணு" என்றாள். மூச்சு வாங்கினாள். மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் ஒண்ணு போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருமுனையைப் பார்த்து நடந்தாள்.